நாலாவது தட்டில் இறங்கிய குரல்

பெர்க்மான்ஸின் பாடும் குரல் அவனை விட்டு இறங்கியது ஓர் ஆவணி மாதத்து வியாழக்கிழமை காலை, ஒன்பது நாற்பது மதராஸ் வண்டி கிளம்ப மூன்று நிமிஷம் இருந்தபோது. கோபத்தில் இறங்கியது என்று சிலர் நினைத்தாலும் அப்படியில்லை, வெறும் பழக்கத்தில்தான் இறங்கியது என்று ரயில்வே பட்டறைக் காலனியில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அந்தப் பழக்கத்தைப் பழக்கியவன் கலியமூர்த்தி. வண்டி புறப்படும் முன் ஒவ்வொரு சக்கரத்தையும் நீளக்காம்புச் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கேட்டு, விரிசல் உண்டா இல்லையா என்று சொல்வது அவன் வேலை. நல்ல சக்கரம் மணிபோல் நின்று ஒலிக்கும். விரிசல் விழுந்தது டொக்கென்று அங்கேயே செத்துவிடும். நல்லதற்குச் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவான், விரிசலுக்கு ஒரு பெருக்கல் குறி, அந்தப் பெருக்கல் குறி விழுந்துவிட்டால் எந்த அதிகாரி வந்து கத்தினாலும் வண்டி ஊரைவிட்டு நகராது. மாலையில் அவனே, ஊழியர்களின் கிளப்பான ரயில்வே இன்ஸ்டிட்யூட் மேடையில் டிரம்ஸ் வாசித்தான். பெர்க்மான்ஸ், பழைய படுக்கைப் பலகையை அறுத்துச் செய்த எலக்ட்ரிக் கிடாரோடு அவன் பக்கத்தில் நின்று, தானே எழுதிய ராக் பாட்டுகளைத் தமிழில் பாடினான், எல்லாப் பாட்டும் 'நான்' என்றுதான் பேசும். குழுவின் பெயர் 'சிக் லைன்'. பழுதான பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் தண்டவாளத்துக்கு ரயில்வேயில் அதுதான் பெயர். கலியமூர்த்தி குச்சிகளை நாலு முறை தட்டுவான். நாலாவது தட்டு விழுந்ததும் குரல் எழும். ஆறு வருஷம் இப்படித்தான்.

அந்த வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து இன்ஸ்டிட்யூட் ஆண்டு விழா, சிக் லைன் பத்துப் பாட்டு பாடுவதாக நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. ஆனால் மதராஸில் கடலோர ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் குழுவுக்கு சாக்ஸபோன் ஆள் தேவை, வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் வேலை என்று பெர்க்மான்ஸுக்குத் தந்தி வந்திருந்தது. சர்ச் பேண்டில் ஊதிப் பழகிய சாக்ஸபோனை எடுத்துக்கொண்டு, கலியமூர்த்தியிடம்கூடச் சொல்லாமல், அவன் வண்டியேறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். கலியமூர்த்தி சுத்தியலோடு வருவது தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு பெட்டிக்கு ஒரு பக்கத்தில் நாலு சக்கரம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒலித்து, நாலாவது தட்டும் விழுந்தபோது, நாலாவது தட்டுக்குப் பின் எழுந்தே பழகிய குரல் யாரையும் கேட்காமல் தொண்டையை விட்டுக் கிளம்பி, ஜன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்து, சரளைக்கல்லில் இறங்கிப் பாட ஆரம்பித்தது. வண்டியும் கிளம்பிவிட்டது. பேசுகிற குரல் அவனோடு மதராஸ் போயிற்று, பாடுகிற குரல் காலனியில் தங்கிற்று.

முதல் வாரம் அதை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. பங்குச் சாமியார் இரக்கப்பட்டுக் கோயிலில் இடம் கொடுத்தார், ஆனால் நற்கருணை நேரத்தில் அது பட்டறைக் கிளார்க் மகளைப் பற்றிய காதல் பாட்டை எடுத்ததால், இன்ஸ்டிட்யூட்டுக்கே அனுப்பிவிட்டார். ரயில்வேயில் வேலை பார்க்காதவருக்கு அங்கே தங்க அனுமதியில்லை என்று ஒரு குமாஸ்தா ஆட்சேபம் எழுதினார். அவர் வீட்டுக் கல்யாணத்தில் அது இரண்டு மணி நேரம் பாடிக்கொடுத்த பிறகு அந்தக் காகிதத்தை யாரும் பார்க்கவில்லை. மண்டபத்துச் சாவி வைத்திருந்த அமலோற்பவம் காலையில் கதவைத் திறந்ததும் மேடை ஓரத்தில் ஒரு டம்ளர் மிளகுப்பால் வைப்பாள். மழைநாளில் அது சுருட்டி வைத்த பந்து வலைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், மறுநாள் மூக்கடைத்துப் பாடும், அப்போது பக்கத்து வீட்டுக்காரிகள் அமலோற்பவத்தைத்தான் திட்டுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிச் சங்கு ஊதி ஆட்கள் பட்டறையை விட்டு வெளியே வரும் நேரத்தில், கலியமூர்த்தி மண்டபத்துக்கு வந்து, மேடைத் தூணாக நட்டிருந்த பழைய தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டுவான், குரல் பாட ஆரம்பிக்கும். அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்பது பாட்டு. பத்தாவது பாட்டை எழுதி முடிக்குமுன்பே பெர்க்மான்ஸ் போய்விட்டிருந்தான். அந்த ஒன்பதையும் காலனிக் குழந்தைகள் வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே மனப்பாடம் செய்தன; 'எங்கப்பா சட்டையில் எண்ணெய் வாசம், நான் படிக்கும் புத்தகத்தில் அந்த வாசம்' என்ற பாட்டு, அப்பாவைப் புதைக்கப் போகிறவர்களோடு கூடவே போனது. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி நாலு வருஷம் அதைக் காதலித்தாள், வயசு ஏறுவது தனக்கு மட்டும்தான் என்று தெரிந்த அன்று அழுது முடித்து, ஒரு இன்ஷூரன்ஸ்காரரைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்தில் பாட அதையே கூப்பிட்டாள். குரலுக்கு இறங்கிய அன்றைய இருபத்தைந்து வயசுதான், அப்படியே இருந்தது.

பெர்க்மான்ஸுக்கு இதெல்லாம் தெரியும். ஊர்க்காரர்கள் யாராவது ஹோட்டல் வாசலில் பார்த்து, "போன வாரம் உன் குரல் எங்க மச்சான் கல்யாணத்துல பாடுச்சுப்பா, பிரமாதம்" என்பார்கள், அவன் தலையாட்டுவான். பாடாவிட்டால் என்ன, ஊதலாமே என்றுதான் அப்போது நினைத்தான், அந்த நினைப்பு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தாங்கியது. கடலோர ஹோட்டல், அப்புறம் கப்பல், அப்புறம் துபாய், அப்புறம் பெங்களூர் என்று போன இடமெல்லாம் ஜாஸ் ஊதினான், நன்றாகவே ஊதினான். ஒரு மெட்டை இன்றைக்குப் போன வழியில் நாளைக்குப் போகாமல் ஒவ்வொரு தடவையும் புது வழி கண்டுபிடிப்பதுதான் அந்த இசை, அதைத்தான் சுதந்திரம் என்று இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஐம்பது தாண்டிய பிறகு ஒருநாள் பல் தேய்க்கும்போது, வந்த வழியே திரும்பிப் போகாமலிருக்கக் கற்றுக்கொண்டவன் எப்படி ஊர் போய்ச் சேருவான் என்று ஒரு கேள்வி வந்தது, பிறகு அது போகவில்லை. சுதந்திரம் என்று சொன்னது ஓட்டத்தைத்தானோ? அழகாக ஓடினால் அது ஓட்டமில்லை என்று ஆகிவிடுமோ? வாத்தியத்தில் 'நான்' என்று சொல்ல இடமில்லை, அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டேனோ?

அந்தக் கேள்விகளுக்கு நடுவே அவன் மறுபடி எழுத ஆரம்பித்தான். ஒத்திகைத் தாளின் பின்பக்கத்திலும் மாத்திரை அட்டையிலும் பழையபடி தமிழில் ராக் பாட்டு, பழையபடி 'நான்'. முட்டி வலி, மனைவி சொல்லாமலே விட்ட வார்த்தைகள், அப்பா சாகும்போது கப்பலில் இருந்தது, எல்லாம் வந்தது. பாட வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. வேறு பையன்களைப் பாட வைத்துப் பார்த்தான். அழகாகப் பாடினார்கள், ஒரு சொல்கூட அவனுடையதாக இல்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு மத்தியானம் அமலோற்பவம் போன் செய்தாள்.

"தம்பி, உன் குரல் நல்லா இருக்கு. கலிதான் சரியில்ல."

"என்னக்கா?"

"வலது காது போன வருஷமே போயிடுச்சு. இடது காதும் பொங்கலுக்குள்ள போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. தினம் அஞ்சு மணிக்கு வந்து நாலு தட்டு தட்டிட்டு, குரல் முன்னாடி காதைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கான். நீ ஏதாவது சொல்றதா இருந்தா இப்பவே வந்து சொல்லிடு. அப்புறம் வந்து அவன் போட்டோவுக்குச் சொல்ற மாதிரி ஆயிடும்."

"போட்டோவுக்கா? ஆளு இருக்கான்லக்கா."

"ஆளு இருப்பான்ப்பா. கேக்க மாட்டான்."

அவன் மறுநாள் மத்தியான வண்டியில் வந்து இறங்கினான். இன்ஸ்டிட்யூட் மண்டபத்தில் குரல் தனியாக ஏதோ முனகிக்கொண்டிருந்தது. உள்ளே வந்தவனைக் கவனித்து, யாரோ வயசான மனுஷர் என்று நினைத்ததுபோல மரியாதையாகத் தன்னைத் தணித்துக்கொண்டது.

கலியமூர்த்தி அன்று முன்னமே வந்து, மேடைக்குக் கீழே மர நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். மொத்த முடியும் நரைத்திருந்தது, சட்டைப் பையில் மட்டும் பழையபடி சாக்கட்டி. பெர்க்மான்ஸ் பக்கத்தில் போய் நின்று, வண்டியில் ஒன்பது மணி நேரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த எல்லாவற்றையும் சொன்னான். தந்தி வந்ததைச் சொன்னான், சொன்னால் விடமாட்டாய் என்று பயந்ததைச் சொன்னான், குனிந்ததைச் சொன்னான், விழா மேடையில் நீ தனியாக நின்றாயாமே, முப்பத்தோரு வருஷமும் நாலாவது தட்டு எங்கே கேட்டாலும் எனக்குக் கழுத்து தானாகக் குனிகிறது என்று சொன்னான். சொல்லச் சொல்லக் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. கலியமூர்த்தி அசையவே இல்லை. இது நியாயமான கோபம்தான் என்று பெர்க்மான்ஸ் எண்ணினான்.

துடைப்பத்தோடு வந்த அமலோற்பவம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "அட, அது செத்த காதுப்பா. அந்தப் பக்கம் நின்னு பைபிள் பூரா படிச்சாலும் விழாது. இந்தப் பக்கம் வா."

இடது பக்கம் போய்த் தோளைத் தொட்டான். கலியமூர்த்தி கண்ணைத் திறந்தான்.

"வந்துட்டியா."

"வந்துட்டேன்டா."

"சாப்பிட்டியா?"

"வண்டியில இட்லி."

"அதெல்லாம் ஒரு சாப்பாடா." வலது பக்கம் திரும்பிப் பார்த்து, "அந்தப் பக்கத்துல ஏதோ நிழலா ஆடிச்சு. ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தியா?" என்றான்.

பெர்க்மான்ஸ் வாயைத் திறந்தான். ஒருமுறை சொல்லிவிட்ட வார்த்தைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. "ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்றான்.

அன்று சாயங்காலம் மைத்துனன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவன் பத்தாவது பாட்டை எழுதினான். பேச்சில் போய்விட்டது, இனிப் பாட்டில்தான் சொல்ல வேண்டும், பாடுவதற்குக் குரல் வேண்டும், குரல் அங்கே மேடையில் மிளகுப்பால் குடித்துக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து காலனியே மண்டபத்தில் கூடியது. பெர்க்மான்ஸ் எழுந்து, தன் குரலைத் தனக்குத் திருப்பித் தரவேண்டும் என்று கேட்டான்.

"தை மாசம் என் பொண்ணு கல்யாணம்" என்றார் தபால்காரர் வேதாசலம். "பாட்டு யாரு பாடுறது? உங்க சாக்ஸபோனா?"

"அது என் குரல்தானே சார்."

"பெத்தது நீங்க, ஒத்துக்கறேன். விட்டுட்டுப் போனதும் நீங்கதான். சளி பிடிச்சப்ப ஆவி பிடிக்க வச்சது யாரு?"

"நான்" என்றாள் அமலோற்பவம்.

"கேட்டுக்கங்க. மொத்தமா எல்லாரும் வீட்டுக்குள்ள கெடந்த வருஷத்துல, ஒரு ஈ காக்கா தெருவுல இல்லாதப்ப, ஒவ்வொரு ஜன்னலா போய்ப் பாடிட்டு வந்ததுங்க அது. அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பெங்களூர்ல. ஜன்னலை மூடிக்கிட்டு" என்றான் பெர்க்மான்ஸ்.

அந்தப் பதிலுக்குப் பிறகு பேச்சு கொஞ்சம் இறங்கியது. குரலைக் கூட்டிப்போக வேண்டாம், இப்போதே, இங்கேயே, ஒரே ஒரு பாட்டை அது கலிக்குப் பாடினால் போதும் என்று அவன் கேட்டபோது, இதற்குக்கூட இல்லை என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அவன் தாளைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தான். குரல் இரண்டு தடவையில் பிடித்துக்கொண்டது. கலியமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டு இடது காதைத் திருப்பி, சுத்தியலால் தூணில் நாலு தட்டு தட்டினான்.

குரல் பாடியது. இப்படியொரு பாட்டை அந்த மண்டபம் கேட்டதில்லை. மேல்ஸ்தாயியில் வழுக்கிக்கொண்டு போய் நின்றபோது தபால்காரர் வேதாசலம் தன் மனைவியின் கையைப் பிடித்துவிட்டார். 'முட்டி வலிக்குது, மாடி ஏறல' என்ற வரியை அது மழையில் நனைந்து நிற்கும் காதலன் மாதிரி பாடியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கலியமூர்த்தி தட்டவில்லை. "யாரு எழுதுனது?"

"நான்தான்."

"யாருக்கு முட்டி வலிக்குது?"

"எனக்கு."

"இதுக்கு வலிக்கலையேடா. துள்ளிக்கிட்டு ஓடுது." அவன் நாற்காலிக்குக் கீழே வைத்த சுத்தியலை மறுபடி எடுத்தான். "நல்ல பையன்தான் பாவம், குத்தம் சொல்லல. முப்பத்தோரு வருஷமாக் கேக்கறேன், அதுக்கு ஒண்ணும் ஆகல. உனக்குத்தான் என்னமோ ஆகியிருக்கு. நீ பாடு."

"எனக்குப் பாடற குரல் இல்லடா."

"இப்ப பேசுனியே, அது என்ன? அதுல பாடு."

"நல்லா இருக்காது, கலி."

"நல்லா இருக்கறதைத்தான் தினம் கேக்கறேனே."

அவன் தட்டினான். தண்டவாளத் துண்டு ஒலித்து நின்றது, இரண்டாவது, மூன்றாவது. பெர்க்மான்ஸின் கழுத்து தானாகக் குனியத் தொடங்கியது. நாலாவது தட்டு விழுந்தது. குரல், பழக்கத்தில், மேடை ஓரத்தில் மூச்சை இழுத்தது. இழுத்த மூச்சை அப்படியே வைத்துக்கொண்டு முதன்முறையாகத் தன் இடத்தைத் தவறவிட்டது. அந்தக் காலி இடத்தில் பெர்க்மான்ஸ் தலையை நிமிர்த்தி, ஹோட்டல் மேனேஜர்களிடமும் டாக்ஸிக்காரர்களிடமும் பேசித் தேய்ந்த குரலில் பாடினான்.

நாலு தட்டு தட்டுனவன் நீ,
தலையைக் குனிஞ்சவன் நான்.
ஊர் ஊரா ஊதித் திரிஞ்சேன்,
ஒரு சொல்லும் என் சொல் இல்ல.
முட்டி வலிக்குது, மாடி ஏறல,
கீழ நின்னே கூப்பிடறேன்,
எட்டிப் பாருடா, கலி,
எட்டிப் பாரு.

சுருதி இரண்டு இடத்தில் நழுவியது. 'கூப்பிடறேன்' என்ற இடத்தில் ஏறப் போய் ஏற முடியாமல் உடைந்தது. கடைசி 'எட்டிப் பாரு' ஒலித்து நிற்கவே இல்லை, டொக்கென்று வாயிலேயே செத்துப்போனது. யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை அம்மாவைப் பார்த்தது. அழலாமா என்று அதற்குத் தெரியவில்லை.

கலியமூர்த்தி, தண்டவாளத்தில் நிற்கும்போது செய்வதுபோல, கண்ணை மூடிக் கடைசி ஓசை எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான். சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, ஒரு கையால் பெர்க்மான்ஸின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, அவனுடைய கறுப்பு ஷூவின் முனையில் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"விரிசல்" என்றான்.

மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ரயில்வே காலனிக்காரர்கள், யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அன்னைக்கு உன்னைப் பார்த்தேன்டா" என்றான் கலியமூர்த்தி, நிமிராமலே. "குனிஞ்சா தெரியாதா? குருவிக்கூடு மாதிரி முடி, அதை எங்க ஒளிப்ப? நாலு சக்கரத்துல ஏதாவது ஒண்ணுல பெருக்கல் போட்டிருந்தா வண்டி நின்னிருக்கும். சாக்கட்டிய எடுத்துட்டேன்கூட. ஆனா நாலும் மணி மாதிரி ஒலிச்சுது. நல்ல சக்கரத்து மேல பொய் எழுதக் கை வரல."

"இப்ப?"

"இப்பப் பொய் இல்லையே."

பெர்க்மான்ஸ் அவனைத் தூக்கி நிமிர்த்தினான், இரண்டு பேருக்குமே முட்டி ஒத்துழைக்காததால் அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேடை ஓரத்தில் நின்ற குரல், கேட்காமலே, பாட்டின் கடைசி வரியை எடுத்து, வழக்கமான உயரத்துக்குப் போகாமல் கீழ்ச்சுருதியில் மெல்ல முனகிப் பார்த்துக்கொண்டது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு கலியமூர்த்தியின் இடது காதும் போய்விட்டது. அதற்குள் பெர்க்மான்ஸ் பதினொரு பாட்டு எழுதி, பதினொன்றையும் தன் உடைந்த குரலில் அவனுக்குப் பாடிவிட்டிருந்தான். இருபத்தைந்து வயசுக் குரல் பின்னால் நின்று கூடப் பாடியது, வேதாசலம் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் அது தனியாகப் போய்வந்தது. இப்போதும் ஐந்து மணிச் சங்குக்குக் கலியமூர்த்தி வருகிறான், நாலு தட்டு தட்டுகிறான், தண்டவாளத் தூணில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு அதிர்வில் பாட்டைக் கேட்கிறான். போகும்போது பெர்க்மான்ஸின் ஷூவைப் பார்க்கிறான். நடந்து நடந்தோ மழையில் நனைந்தோ குறி அழிந்திருந்தால், பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து மறுபடி போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறான்.